ஐந்நூறில் ஒரு ரூபாய்

சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவர் பதவியேற்று ஓராண்டு நிறைவடைந்ததும் தொகுதியெங்கும் சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் வெளிவருவது நம் வழக்கம். திறந்துவைத்த நியாயவிலைக் கடைகள், அடிக்கல் நாட்டிய சாலைகள், மாணவர்களுக்கு வழங்கிய மிதிவண்டிகள், கலந்துகொண்ட கோயில் திருவிழாக்கள், ஆறுதல் கூறிய துக்க வீடுகள் என ஓராண்டின் சமூகப் பணிகள் அனைத்தும் வண்ணப் படங்களுடன் அவற்றில் இடம்பெறும். பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றும் உண்டு. அந்த ஓராண்டில் அவர் சட்டப்பேரவைக்குள் என்ன செய்தார் என்பதே அது.

இதை உறுப்பினர்களின் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வாக்குக் கேட்டு வருபவரிடம் தெருவிளக்கையும் சமுதாயக் கூடத்தையும் கேட்கிற நாம், 'சென்ற ஆண்டு எத்தனை வினாக்களை எழுப்பினீர்கள், எந்த மானியக் கோரிக்கையில் எங்கள் ஊருக்காகப் பேசினீர்கள்' என்று கேட்பதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை அச்சிட யாரும் செலவு செய்யமாட்டார்கள்.

இந்தக் கேள்வி மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் என்றாலும், அதை ஏற்காட்டில் வைத்துக் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் மலையாளிப் பழங்குடியினர், ஏறத்தாழ 3.58 லட்சம். பெயர் அப்படியிருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை ஆகியவை அவர்களின் வாழிடங்கள்.

ஏற்காட்டிலிருந்து சில கி.மீ. தொலைவில், 5,300 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயில் அம்மக்களின் வழிபாட்டு மையம். குனிந்து நுழைய வேண்டிய குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். கோடையில் நடைபெறும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் திரண்டு வருகின்றன. அதே மே மாதத்தில்தான் அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் ஏற்காட்டில் நடைபெறுகின்றன. அமைச்சர்களும் அதிகாரிகளும் மலையேறி வரும் காலம் அது. மலைவாழ் மக்களுக்கு அரசு கண்ணில் படும் காலமும் பெரும்பாலும் அதுவே.

தொகுதியின் பெயர் ஏற்காடு என்றாலும், வாக்குகளின் பெரும்பகுதி சமவெளியில் இருக்கிறது. 2008 மறுசீரமைப்புக்குப் பின் வாழப்பாடி வட்டாரமும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களும் இத்தொகுதியில் இணைந்துள்ளன. மக்களவைக்கோ, சேலத்துக்கு மிக அருகிலுள்ள இம்மலை கள்ளக்குறிச்சித் தொகுதியைச் சேர்ந்தது. ஆக, ஏற்காடு மலையில் வாழும் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் குரல் பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் ஒலிக்க வேண்டுமானால், அது முதலில் தன் தொகுதிக்குள்ளேயே சிறுபான்மைக் குரலாக இருந்து மேலெழ வேண்டும்.

அரசியல் கட்சிகள் இம்மலையைக் கவனிக்காமல் இருந்ததில்லை. 2011-இல் இங்கு வென்ற அ.தி.மு.க.வின் செ. பெருமாள் 2013 ஜூலையில் காலமானதையடுத்து, அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் தேதி இடைத்தேர்தல் நடைபெற்றது. முதல்வர் ஜெயலலிதா நேரில் பிரசாரம் செய்தார். அமைச்சர்கள் பலர் தொகுதியிலேயே தங்கினர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர். மறைந்த உறுப்பினரின் மனைவி பெ. சரோஜா 78,116 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 'யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை' என்னும் பொத்தான் தமிழகத்தில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்ததும் அத்தேர்தலில்தான். அரசியலின் முழுக் கவனமும் சில வாரங்களுக்கு ஒரு மலையின் மீது குவிந்திருந்தது. ஆனால், பேரவையின் கவனம் ஒரு மலையின் மீது ஆண்டு முழுவதும் எத்தனை மணித்துளிகள் நிலைக்கிறது என்பதைக் கணக்கிடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

உறுப்பினரின் ஓராண்டுப் பணியை அளக்க நாம் பயன்படுத்தும் முதன்மை அளவுகோல் தொகுதி மேம்பாட்டு நிதி. மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கான நிதித் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. தமிழகத்தில் சட்டப்பேரவை உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1997-98 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவுக்கு அது உயர்ந்துள்ளது. இதில் உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். நிர்வாக ஒப்புதலும் செயலாக்கமும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஒரே தொகை கிடைப்பது இத்திட்டத்தின் சிறப்பு. 2016-இலும் 2021-இலும் ஏற்காட்டில் வென்றவர் அ.தி.மு.க.வின் கு. சித்ரா. முதல் முறை அவர் ஆளுங்கட்சி வரிசையிலும், இரண்டாம் முறை எதிர்க்கட்சி வரிசையிலும் அமர்ந்தார். வரிசை மாறினாலும் தொகுதிக்குரிய உரிமைத் தொகை மறுக்கப்படாது என்பது ஜனநாயகத்துக்கு நல்லதே.

இப்போது ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 234 தொகுதிகளுக்கும் தலா 3 கோடி என்றால் மொத்தம் 702 கோடி. தமிழக அரசின் 2024-25 நிதிநிலை அறிக்கையில் வருவாய்ச் செலவு மட்டும் ஏறத்தாழ 3.48 லட்சம் கோடி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தொகுதி நிதி என்பது அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அதாவது, அரசு ஐந்நூறு ரூபாய் செலவிடும்போது, உறுப்பினரின் நேரடிப் பரிந்துரையில் செலவாவது ஒரு ரூபாய்.

ஐந்நூறு ரூபாய்க்கும் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மானியக் கோரிக்கைகள் துறைவாரியாகப் பேரவையில் விவாதிக்கப்பட்டு நிறைவேறிய பின்னரே கருவூலத்திலிருந்து பணம் வெளியேற முடியும். பள்ளிக்கு ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர், மலைப்பாதைக்குத் தடுப்புச் சுவர் என மக்களின் வாழ்வைத் தீர்மானிப்பவை அந்த நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாயில்தான் அடங்கியுள்ளன. நாமோ ஒரு ரூபாயில் கட்டிய பயணியர் நிழற்குடையைக் காட்டச் சொல்லி, அதை வைத்து மதிப்பெண் போடுகிறோம். ஏற்காடு போன்ற, இரண்டேமுக்கால் லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களைக் கொண்ட தொகுதியில் அந்த 3 கோடி என்பது தலைக்கு நூறு ரூபாய்க்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இந்தக் கோணல் ஏன் உருவாயிற்று என்பதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. நிழற்குடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. திறந்துவைத்தவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். பேரவையில் எழுப்பிய வினாவின் விளைவாக மூன்றாண்டு கழித்து ஒரு மருத்துவமனை தரம் உயர்ந்தால், அதன் பெருமையைப் பலர் பங்கிட்டுக்கொள்வார்கள். எவருக்கு உரிமை என்று நிறுவ முடியாத நற்பெயருக்காக எவரும் அதிகம் உழைப்பதில்லை. உழைப்பு, பலன் உடனே கைக்கு வரும் இடத்தை நோக்கி நகர்வது இயல்பு.

அமைப்பு சார்ந்த காரணங்களும் உள்ளன. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். முடிவு முன்னரே தெரிந்த வாக்கெடுப்புக்காக விவாதத்தில் உழைக்கும் ஆர்வம் குன்றிவிடுகிறது. அவை கூடும் நாள்களும் குறைவு. நீதிபதி எம்.என். வெங்கடாசலையா தலைமையிலான தேசிய ஆணையம், பெரிய மாநிலங்களின் பேரவைகள் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள்களாவது கூட வேண்டும் என்று 2002-இல் பரிந்துரைத்தது. இந்தியாவின் பெரும்பாலான பேரவைகள் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. எஞ்சிய நாள்கள் அனைத்தும் தொகுதியில் கழிகின்றன. உறுப்பினரின் ஓராண்டு, சமூகப் பணியின் ஆண்டாக மாறிப்போவதில் வியப்பில்லை.

தொகுதிப் பணி பயனற்றது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை அலைந்து களைத்த பழங்குடி மாணவருக்கு, உறுப்பினரின் ஒரு பரிந்துரைக் கடிதம் கல்லூரி இடத்தையே காப்பாற்றிக் கொடுக்கலாம். துக்க வீட்டுக்கும் திருவிழாவுக்கும் செல்பவருக்கே ஊரின் உண்மை நிலவரம் காதில் விழும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபென்ஜால் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, மக்கள் பிரதிநிதிகள் களத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால், சரிந்த மண்ணை அள்ளுவதோடு அப்பணி முடிந்துவிடக்கூடாது. நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையில் மலைச்சரிவைக் காக்க எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற வினாவாக அது பேரவைக்குள் நுழைய வேண்டும். களத்தில் கேட்டதை அவைக்குக் கொண்டுசெல்பவர் என்பதாலேயே அவருக்குப் பிரதிநிதி என்று பெயர்.

மலைக் கிராமங்களைப் பொறுத்தவரை, பணத்தால் மட்டும் தீராத சிக்கல்களே மிகுதி. ஒரு குக்கிராமத்துக்குச் சாலை வேண்டும், இடையில் காப்புக்காடு. தொகுதி நிதியில் பணம் இருந்தும் வனத் துறையின் அனுமதி இல்லாமல் பணி தொடங்காது. 'வனத் துறை தடுக்கிறது' என்ற ஒற்றை வரியோடு பல கோப்புகள் முடங்கிவிடுகின்றன. இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இந்த ஒரு பிரிவை அறிந்து, கிராம சபையைக் கூட்டச் செய்து, மாவட்ட வன அலுவலரிடம் கோப்பைத் தொடர்ந்து நகர்த்தும் உறுப்பினர், மூன்று கோடி ரூபாயால் ஆகாததைச் செய்து முடிக்கலாம்.

அதே சட்டத்தின் கீழ் நில உரிமைப் பட்டங்கள் வழங்குவது தமிழகத்தில் நெடுங்காலம் முடங்கியிருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, உச்சநீதிமன்றத்தால் 2016-இல்தான் நீங்கியது. ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குச் செல்லும் காலம் அது. இத்தகைய தடைகளை நீக்க அரசை விரைவுபடுத்தும் கருவிகள் பேரவையில் இல்லாமல் இல்லை. வினாக்கள், கவன ஈர்ப்புத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம், அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு என அவை பல. இவை எதற்கும் கொறடாவின் அனுமதிச் சீட்டு தேவைப்படுவதில்லை.

இக்கருவிகள் துருப்பிடித்தால் என்ன நேரும் என்பதற்குப் பக்கத்து மலையே சான்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், வேலைவாய்ப்பு பற்றி நீதிபதிகள் அரசிடம் அடுக்கிய கேள்விகள், ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழ வேண்டியவை. நீதிமன்றம் கேட்டது பாராட்டுக்குரியது. கேட்க வேண்டிய நிலை வந்தது கவலைக்குரியது.

பழங்குடித் தொகுதியின் உறுப்பினருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு மேடையும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, இருபது பேருக்கு மிகாத பழங்குடியினர் ஆலோசனைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது; அதில் நான்கில் மூன்று பங்கினர் பேரவையில் உள்ள பழங்குடிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அட்டவணைப் பகுதி ஏதும் இல்லாத தமிழகத்திலும் இத்தகைய குழு இயங்குகிறது. ஆனால், இங்கு ஒதுக்கீட்டுத் தொகுதிகளே இரண்டுதான். ஆகவே, அந்த இருவரின் சுமை இயல்பாகவே கனமானது. ஈரோடு மாவட்டத்து மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறாதது போன்ற, தம் தொகுதிக்கு வெளியே உள்ள துயரங்களுக்கும் அவர்கள் குரல்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களை நிழற்குடைக் கணக்கால் அளப்பது, அந்தக் குரலை நாமே சுருக்குவதாகும்.

பணமும் இப்போது புதிய வழிகளில் வருகிறது. பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்ற அறிவிப்புடன் 'தொல்குடி' திட்டத்தை 2024-25 நிதிநிலை அறிக்கை முன்வைத்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதி ஒதுக்கீட்டையும் பயன்பாட்டையும் முறைப்படுத்தும் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டமும் 2024-இல் நிறைவேறியது. இவற்றில் சேர்வராயன் மலைக்கு எவ்வளவு வந்தது, எந்தக் கிராமத்தில் எது முடிந்தது என்று ஆண்டுதோறும் கேட்டுப் பதில் வாங்குவது ஒரு கட்டடத்தைத் திறந்துவைப்பதைவிடப் பெரிய சமூகப் பணி.

தொகுதி நிதியையே ஒழித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் அதைத்தான் பரிந்துரைத்தது. ஆனால், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று உச்சநீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. பிலிப்பின்ஸ் நாட்டு உச்சநீதிமன்றமோ, பெரும் ஊழல் வெளிச்சத்துக்கு வந்த பின் 2013 நவம்பரில் இத்தகைய நிதியைச் செல்லாது என்று அறிவித்தது. இலங்கையில் 1974 முதலே பன்முகப்படுத்தப்பட்ட வரவு-செலவுத் திட்டம் என்ற பெயரில் இதுபோன்ற ஏற்பாடு இருந்துவருகிறது. அவசரத் தேவைகளுக்கு உள்ளூரில் ஒரு சிறு தொகை இருப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. அந்த ஒரு ரூபாய் தொடரட்டும். எஞ்சிய நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் கணக்குக் கேட்கும் வழக்கம் தொடங்கட்டும்.

தமிழக அரசு 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின் கீழ் 234 உறுப்பினர்களிடமும் தலா பத்து முன்னுரிமைக் கோரிக்கைகளைக் கேட்டது. கட்சி பாராமல் கேட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அது உறுப்பினர் அரசுக்கு அளிக்கும் பட்டியல். உறுப்பினர் மக்களுக்கு அளிக்கும் பட்டியல் இன்னும் பிறக்கவில்லை.

அதற்குப் புதிய சட்டமோ செலவோ தேவையில்லை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் மே 1-ஆம் தேதிக் கூட்டம், நிதிநிலைக் கூட்டத்தொடரும் மானியக் கோரிக்கை விவாதமும் நடைபெறும் மாதங்களை ஒட்டி வருகிறது. ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே ஒரு பக்க அறிக்கையை அன்று தம் தொகுதியின் எல்லா கிராம சபைகளிலும் வாசிக்கச் செய்யலாம். அவை கூடிய நாள்கள், வந்த நாள்கள். எழுப்பிய வினாக்கள், பெற்ற விடைகள். பேசிய மானியக் கோரிக்கைகள். பங்கேற்ற குழுக் கூட்டங்கள். தொகுதி நிதியில் பரிந்துரைத்த பணிகள், முடிந்தவை, முடியாதவை. அரசு அளித்த உறுதிமொழிகளில் நிலுவையில் உள்ளவை. இந்த ஆறு வரிகள் போதும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாசிக்கப்பட்டால், நான்காம் ஆண்டில் மக்களே ஒப்பிடத் தொடங்குவார்கள். ஒப்பீடு தொடங்கிவிட்டால், உழைப்பும் அவையை நோக்கி நகரும்.

முதலில் இதைச் செய்யத் தகுதியான தொகுதி ஏற்காடுதான் என்று தோன்றுகிறது. அங்கே மக்களைக் கூட்டத் தனியே மேடை போட வேண்டியதில்லை. மே மாதத்தில் மலைக் கிராமங்கள் சேர்வராயன் கோயிலில் தாமாகவே கூடுகின்றன. சாமிக்கு நேர்ந்துகொண்டதை ஆண்டுக்கொரு முறை தவறாமல் செலுத்திக் கணக்குத் தீர்க்கும் மக்கள் அவர்கள். தங்கள் வாக்குக்கும் அவ்வாறே கணக்குத் தீர்க்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).